பழைய பொருள் கடையில் வாடிக்கையாளரைச் சமாளிப்பது எப்படி?



சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது உறுப்பினர் ஒருவர் நம்மை ஓரமாக அழைத்துப் போனார். அவருடைய மகன் பழைய ஃப்ரிட்ஜ், இரும்பு ரேக், கண்ணாடி அலமாரி, கிரைண்டர் ஆகியவற்றை வாங்கி விற்கும் சிறு கடை ஒன்று தொடங்கியிருக்கிறார். "அண்ணாச்சி, பையனுக்குச் சரக்கு பார்த்து வாங்கத் தெரியுது. விலை சொல்லவும் தெரியுது. ஆனா எவனாவது சண்டைக்கு வந்துட்டா ஒண்ணு பயந்து போறான், இல்லே கையை ஓங்கப் போறான். நீங்க நாலு வார்த்தை சொல்லுங்க" என்றார். அந்த நாலு வார்த்தையை ஒருவருக்கு மட்டும் சொல்வதைவிட நமது இதழ் மூலம் எல்லோருக்கும் சொல்லலாமே என்று நினைத்தோம்.

"நமக்கு மளிகைக் கடைதானே, பழைய சாமான் கடைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. நம்மில் பலர் முதல் ஃப்ரிட்ஜையும் முதல் ரேக்கையும் பழையதாக வாங்கித்தான் கடை வைத்தோம். காலிச் சாக்கு, எண்ணெய் டின், அட்டைப் பெட்டி என்று மாதந்தோறும் பழைய பொருள் விற்கவும் செய்கிறோம். அது மட்டுமல்ல. பழைய பொருள் கடையில் வாடிக்கையாளரைச் சமாளிக்கக் கற்றவர் எந்தக் கடையிலும் சமாளிப்பார். புதுப் பொருளுக்குப் பின்னால் கம்பெனி இருக்கிறது, அச்சடித்த விலை இருக்கிறது, உத்தரவாத அட்டை இருக்கிறது. பழைய பொருளுக்குப் பின்னால் கடைக்காரரின் வாய்ச்சொல் மட்டுமே இருக்கிறது.

நாம் செய்த தவறு

மொத்த வியாபாரத்துக்கு வருமுன் மதுரையில் நம் தாய்மாமன் வைத்திருந்த பழைய சாமான் கடையில் நாலு வருடம் இருந்தோம். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அங்கே போய்ச் சேர்ந்தது. அந்தக் கடையில் கற்ற பாடங்களில் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். அது நமக்குப் பெருமை தரும் சங்கதி அல்ல.

1984-ஆம் வருடம். நமக்கு இருபத்திரண்டு வயது. இட்லி சுட்டு விற்கும் ஒரு அம்மாள் நம் கடையில் பழைய கிரைண்டர் ஒன்று வாங்கிப் போனார். காதில் கிடந்த தோட்டை அடகு வைத்து வாங்கியது என்று பிறகுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் மாலை, கிரைண்டரைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு, மகனையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். மாமா வெளியூர் போயிருந்தார். கல்லாவில் நாம். கடையில் நாலைந்து பேர் சாமான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, இது ஓட மாட்டேங்குது" என்று அவர் ஆரம்பித்தார். அவ்வளவுதான் அவரைப் பேச விட்டோம். நாலு பேர் முன்னால் கடையின் பெயர் கெட்டுப்போகும் என்ற பதற்றத்தில் நம் குரல் ஏறிவிட்டது. "பழைய சாமான்னா அப்படித்தான் இருக்கும். ஓட்டிக் காட்டித்தானே கொடுத்தோம்? மூணு நாள் என்ன போட்டு அரைச்சீங்களோ, யாருக்குத் தெரியும்?" என்று கொட்டித் தீர்த்தோம்.

அந்த அம்மாள் திருப்பிக் கத்தவில்லை. "தம்பி, பணத்தைக் கொடுங்கன்னு கேக்க வரலே. அரிசி ஊறிக்கிட்டு இருக்கு. ராத்திரி அரைச்சாத்தான் காலையிலே வியாபாரம். அதுக்கு ஒரு வழி சொல்லுங்கன்னு வந்தேன்" என்றார். சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மாமா இரவு பத்து மணிக்கு வந்தார். நடந்ததைச் சொன்னோம். அவர் நம்மைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மாப்ளே, சுவிட்ச் போட்டா சத்தம் வருதா, வரலையான்னு கேட்டியா?" கேட்கவில்லை. விடிவதற்குள் வேறொரு கிரைண்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனோம். அந்த அம்மாள் இரவெல்லாம் ஆட்டுக்கல்லில் அரைத்து முடித்திருந்தார். உள்ளங்கை இரண்டும் கொப்புளம்.

பழைய கிரைண்டரை அங்கேயே சுவிட்ச் போட்டுப் பார்த்தார் மாமா. உறுமியது, சுற்றவில்லை. கண்டென்சர் போயிருந்தது. கொஞ்சம் பணத்தில், கால் மணி நேரத்தில் மாற்றக்கூடிய சாமான். முந்தின நாள் மாலை அந்த அம்மாளை இன்னும் இரண்டு வாக்கியம் பேச விட்டிருந்தால், "சத்தம் மட்டும் வருது, சுத்தலை" என்று அவரே சொல்லியிருப்பார். நோய் என்னவென்று அப்போதே தெரிந்திருக்கும்.

மாமா கண்டென்சரை மாற்றிக் கொடுத்தார். மன்னிப்பும் கேட்டார், நம்மையும் கேட்க வைத்தார். அந்த அம்மாள், "பரவாயில்லே" என்றார். ஆனால் அதன் பிறகு அவர் நம் கடைப் படி ஏறவில்லை. அந்தத் தெருவிலிருந்தே யாரும் வரவில்லை. கிரைண்டரில் இருந்த பழுது ஒரு காலையில் சரியாகிவிட்டது. நம் வாயால் வந்த பழுதுக்கு இன்றுவரை உதிரிப் பாகம் கிடைக்கவில்லை.

இனி, பழைய பொருள் கடையில் வரக்கூடிய சங்கடங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. குறை சொல்லித் திருப்பிக் கொண்டு வருபவர்

இவர்தான் நமக்குப் பெரிய சங்கடம். இவரிடம் நடந்துகொள்ள வேண்டிய முறை நான்கு படி.

முதல் படி, உட்கார வைப்பது. நின்றுகொண்டு பேசுகிறவர் குரல் உயரும். உட்கார்ந்தவர் குரல் தானே இறங்கும். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். கல்லாவை விட்டு எழுந்து வந்து அவர் பக்கத்தில் நில்லுங்கள். கல்லாவுக்கு அந்தப் பக்கமிருந்து பேசினால் அது வழக்காடுவது போல இருக்கும்.

இரண்டாம் படி, முழுதும் கேட்பது. இடையில் பேசக் கூடாது. எப்போது வாங்கினார், எப்போது நின்றது, நிற்குமுன் என்ன சத்தம், என்ன வாசம், வேறு யாராவது திறந்து பார்த்தார்களா என்று கேளுங்கள். கேள்வி பொருளைப் பற்றி இருக்க வேண்டும், ஆளைப் பற்றி இருக்கக் கூடாது. "என்ன செய்தீர்கள்?" என்றால் குற்றச்சாட்டு. "என்ன ஆயிற்று?" என்றால் விசாரிப்பு.

மூன்றாம் படி, அவர் கண் முன்னால் சோதிப்பது. "வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறோம்" என்றால் அவர் நம்ப மாட்டார். நாம் ஏதோ பாகத்தைக் கழற்றிவிட்டதாகக்கூட நினைப்பார்.

நான்காம் படி, வழி சொல்வது. பழுது பார்த்துத் தருவது, வேறு பொருள் தருவது, பணத்தைத் திருப்புவது என்று மூன்று வழி உண்டு. அவருடைய அவசரத்துக்கு எது பொருந்தும் என்று முதலில் கேளுங்கள். நம் இட்லி அம்மாள் கேட்டது பணம் அல்ல, அன்றைய மாவு. பாதிக் கோபக்காரர்கள் இப்படித்தான். அவர்களுக்கு வேண்டியது நாம் பயப்படுவதைவிடச் சிறியதாக இருக்கும்.

இதில் ஒரு வேறுபாட்டை மனதில் வையுங்கள். பார்த்தால் தெரியும் குறை வேறு, பார்த்தாலும் தெரியாத குறை வேறு. ரேக்கில் துரு இருந்தது, கண்ணாடியில் கீறல் இருந்தது என்று பின்னால் வந்து சொன்னால், அதைக் கடையிலேயே பார்த்து வாங்கியவர் அவர். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும், வாங்குபவர் சோதித்துப் பார்த்து வாங்கியிருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு உத்தரவாதம் இல்லை என்றுதான் சொல்கிறது. ஆனால் கம்ப்ரஸருக்குள் இருக்கும் கோளாறை அவர் எப்படிப் பார்ப்பார்? அங்கே பொறுப்பு நம்முடையது.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று போர்டு எழுதி மாட்டி, அதைக் காட்டியே எல்லோரையும் அனுப்பிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ரசீதில் ஒரு கால அளவு எழுதியிருந்தால் அதற்குள்ளும், எழுதாவிட்டால் 30 நாளுக்குள்ளும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்கவும் பணத்தைத் திருப்பவும் மறுப்பது முறையற்ற வணிகம் என்று அந்தச் சட்டம் கூறுகிறது. ரசீது கொடுக்காமல் இருப்பதும் அதே கணக்கில்தான் வரும். பழைய பொருளையோ புதுப்பித்த பொருளையோ புதுசு என்று சொல்லி விற்பதும் அப்படியே. ஆகவே போர்டை நம்பாமல் ரசீதை நம்புங்கள். "ஃப்ரிட்ஜ், பழையது. கதவு ரப்பர் தளர்வு, உள் விளக்கு இல்லை. சொல்லி விற்றது. கம்ப்ரஸருக்கு 15 நாள் பொறுப்பு" என்று எழுதி, வாங்குபவரிடம் ஒரு கையெழுத்தும் வாங்கிவிட்டால் முக்கால் சண்டை வாசலிலேயே நின்றுவிடும்.

2. திருப்பி வரும் பொருளுக்கு முன்கூட்டியே ஒரு கணக்கு

திருப்பிக் கொண்டு வந்தவரைப் பார்த்ததும் நமக்கு ஏன் கோபம் வருகிறது? நம் லாபம் கையை விட்டுப் போகிறதே என்றுதான். அந்த நஷ்டத்தை முதலிலேயே கணக்கில் எழுதிவிட்டால் கோபம் வராது.

மாதம் 20 உருப்படி விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு உருப்படியிலும் 200 ரூபாயை விற்ற அன்றே தனியாக எடுத்து வைத்தால் மாதம் 4,000 ரூபாய் சேரும். அதில் இரண்டு உருப்படி திரும்பி வந்து, ஒவ்வொன்றுக்கும் 800 ரூபாய் செலவு ஆனாலும் 1,600 ரூபாய்தான் போகும். மீதி 2,400 ரூபாய் இருக்கும். நம் மாமா இதற்கென்று ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்திருந்தார். திருப்பிக் கொடுக்க வேண்டிய பணத்தைக் கல்லாவிலிருந்து எடுக்க மாட்டார், பாட்டிலிலிருந்துதான் எடுப்பார். கல்லாவில் கை வைக்காததால் முகம் சுளிக்காது. கேட்பதற்குச் சிறு விஷயம்தான். ஆனால் சிரித்த முகத்தோடு பணம் திருப்பித் தரும் கடைக்காரரை ஊரே பேசும்.

திரும்பி வரும் சரக்கைக் குறைக்கவும் வழி உண்டு. ஃப்ரிட்ஜைப் படுக்க வைத்து ஆட்டோவில் கொண்டுபோய், இறக்கியவுடன் சுவிட்ச் போட்டால், கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் ஏறிக் கோளாறாகலாம். நிமிர்த்திக் கொண்டுபோக வேண்டும், போனபின் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்துத்தான் போட வேண்டும். இதைச் சொல்லாமல் விற்றுவிட்டு, கெட்டுப் போனதென்று வந்தவரைத் திட்டுவது நியாயமா?

3. அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்

7,500 ரூபாய் சொன்ன பொருளை 2,000 ரூபாய்க்குக் கேட்பார். "இது காயலான் கடைக்குக்கூடப் போகாது" என்பார். நம் சரக்கைப் பழித்தால் நம்மைப் பழித்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பேரம் பேசுகிறவர் வாங்க நினைக்கிறவர். வாங்க நினைக்காதவர் பேரம் பேசுவதில்லை.

இவரிடம் தடுமாறாமல் இருக்க, நம் அடக்க விலை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாங்கியது 4,000, பழுது பார்த்தது 700, வண்டி வாடகை 300, ஆக 5,000. பாட்டிலில் போட வேண்டிய 200, வாடகை, கூலி, நம் லாபம் எல்லாம் சேர்த்து 6,000-க்குக் கீழே இறங்குவதில்லை என்று பொருள் கடைக்குள் வந்த அன்றே முடிவு செய்துவிட வேண்டும். அன்றைய கை வறட்சியைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பத்து வெவ்வேறு எழுத்துள்ள ஒரு தொடரை எடுத்து, எழுத்துக்கு ஒரு எண்ணாக வைத்து, அடக்க விலையைப் பொருளின் அடியில் குறித்து வைக்கும் பழக்கம் வியாபாரிகளிடம் உண்டு. கடைப் பையனும் அதைப் பார்த்துப் பதில் சொல்லலாம். முதலாளி இல்லையென்று வியாபாரம் நிற்காது.

விலை படியாவிட்டால், "இந்த விலைக்குக் கட்டாதுங்க. இன்னும் ரெண்டு கடை பாருங்க, பாத்துட்டு வாங்க" என்று சொல்லி அனுப்புங்கள். போனவர் திரும்பி வர வாசல் திறந்தே இருக்க வேண்டும். "போய் வேலையைப் பார்" என்றால் வாசலை நாமே சாத்திக்கொள்கிறோம். இன்னொன்று. ஒருவரிடம் 7,000 என்றும், அடுத்தவரிடம் அவர் முன்னாலேயே 6,000 என்றும் சொல்லக் கூடாது. விலை குறைந்ததை மறப்பார்கள். ஏமாந்ததை மறக்க மாட்டார்கள்.

4. விற்க வருபவர்

மளிகைக் கடைக்கு இல்லாத ஒரு சங்கடம் பழைய பொருள் கடைக்கு உண்டு. இங்கே வாடிக்கையாளர் இரண்டு வகை. வாங்க வருபவர் ஒரு வகை, விற்க வருபவர் மற்றொரு வகை. விற்க வருகிறவர் பெரும்பாலும் கஷ்டத்தில் வருகிறார். மருத்துவச் செலவுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் வீட்டுச் சாமானைத் தூக்கி வருகிறவரிடம் சரக்கைக் கேவலப்படுத்திப் பேசக் கூடாது. விலை குறைவாகச் சொல்ல நேர்ந்தால் காரணத்தோடு சொல்லுங்கள். "மோட்டார் கட்ட 900 ஆகும், அதைக் கழிச்சுத்தான் சொல்றேன்" என்றால் அவருக்குப் புரியும்.

திருட்டுச் சாமான் வரும் அபாயமும் இங்கேதான். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் அது குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இதற்கு 317-ஆவது பிரிவு. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 411-ஆக இருந்தது. மூன்று வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. "நம்பக் காரணம்" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பத்தாயிரம் பெறுமான பொருளை ஆயிரத்துக்கு ஒருவர் அவசரமாகக் கொடுக்கிறார் என்றால் அந்த விலையே நம்மைச் சந்தேகிக்க வைத்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். இதில் போலீஸ் தொல்லை ஒரு பக்கம், பணம் போவது இன்னொரு பக்கம். பொருளுக்கு உடையவர் வந்தால் அதைக் கொடுத்துவிட்டுக் கையைப் பிசைய வேண்டியதுதான்.

ஆகவே கொள்முதல் நோட்டு ஒன்று கட்டாயம் வேண்டும். தேதி, பொருள், கம்பெனி எண், விற்றவர் பெயர், முகவரி, தொலைபேசி, அடையாள அட்டை நகல், கையெழுத்து எல்லாம் அதில் இருக்க வேண்டும். நேர்மையானவர் ஒரு நிமிடம் முகம் சுளித்தாலும் கொடுத்துவிடுவார். "எதுக்கு இதெல்லாம்?" என்று சண்டை பிடிப்பவரிடம், "எல்லாரிடமும் வாங்குகிறோம், இந்த நோட்டைப் பாருங்கள்" என்று காட்டுங்கள். அவர் நம்மோடு சண்டை போடலாம், நோட்டோடு சண்டை போட முடியாது.

சிறுவர்கள் கொண்டு வரும் எதையும் வாங்கக் கூடாது. ஒரு முறை பதினான்கு வயதுப் பையன் பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்தான். மாமா அவனை விரட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, "விளக்கு நல்லா இருக்கு தம்பி. அப்பாவோ அம்மாவோ வந்தா உடனே பணம்" என்றார். பையன் விளக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டான். விரட்டியிருந்தால் அடுத்த கடைக்குப் போயிருப்பான். அதேபோல, 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டங்களில் கொடுத்த விலையில்லா மிக்சி, கிரைண்டர், மடிக்கணினி ஆகியவை அரசு முத்திரையோடு விற்பனைக்கு வருவதுண்டு. அவற்றைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொள்வது கடைக்கும் நல்லது, நம் பெயருக்கும் நல்லது.

5. முன்பணம் கொடுத்துவிட்டு மறைந்து போகிறவர்

500 ரூபாய் கொடுத்து, "எடுத்து வையுங்கள், நாளைக்கு வருகிறேன்" என்பார். நாளை என்பது நாற்பது நாள் ஆகும். வேறொருவருக்கு விற்றுவிட்டால் அன்று மாலையே வந்து நிற்பார். "என் சாமானை எப்படி விற்கலாம்?" என்பார்.

முன்பணம் வாங்கும்போதே துண்டுச் சீட்டு எழுத வேண்டும். எத்தனை நாள் வைத்திருப்போம், அதற்குப் பிறகு என்ன செய்வோம், முன்பணம் திருப்பப்படுமா என்பதையெல்லாம் அதில் எழுத வேண்டும். கெடு முடிவதற்கு முந்தின நாள் நாமே ஒரு போன் செய்துவிடுவது நல்லது. கெடு தாண்டி விற்றிருந்தாலும், முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே நம் வழக்கம். 500 ரூபாயை விழுங்கியவன் என்ற பெயருக்கு 500 ரூபாய் ஈடாகாது.

6. போனைக் காட்டிவிட்டுப் போகிறவர்

இது இந்தக் காலத்துச் சங்கடம். "பணம் போட்டாச்சு" என்று போனில் ஒரு படத்தைக் காட்டுவார். போலிப் படம் காட்டி ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையாகவே பணம் போட்டு, வந்து சேரத் தாமதமாகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரையும் முகத்தைப் பார்த்துப் பிரிக்க முடியாது. ஆகவே முகத்தைப் பார்க்காதீர்கள், நம் கணக்கைப் பாருங்கள். நம் போனில் வரவு தெரிந்தால், அல்லது சவுண்ட் பாக்ஸ் சொன்னால்தான் பொருள் நகரும். "உங்க மேல சந்தேகம் இல்லீங்க. கடையிலே எல்லாருக்கும் இதே முறை. ரெண்டு நிமிஷம் உட்காருங்க" என்று சொன்னால் நல்லவர் உட்காருவார்.

7. சத்தம் போடுகிறவர், குடித்துவிட்டு வருபவர்

குடித்தவரிடம் நியாயம் பேசக் கூடாது. விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. "காலையிலே வாங்கண்ணே, முதல் ஆளா உங்களுக்குத்தான் பார்த்துத் தர்றேன்" என்று அனுப்ப வேண்டும். காலையில் வந்தால் சொன்னபடி பார்த்துக் கொடுக்க வேண்டும்.

யாராவது பொருளை எடுத்து மறைத்ததாகத் தோன்றினால் பையைப் பிடுங்கிச் சோதனை போடக் கூடாது. அந்த அதிகாரம் நமக்கு இல்லை. தவறாகப் போனால் பழி நம் மேல் வரும். "அந்த ஸ்பேனர் செட்டுக்கும் சேர்த்துப் பில் போடவா?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். எடுத்தவர் வெளியே வைத்துவிடுவார். எடுக்காதவருக்கு அவமானம் இல்லை.

"நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன்" என்று சொல்கிறவரிடம், "போய்க்கோ" என்று சவால் விடாதீர்கள். 1915 என்ற எண்ணுக்கு ஒரு போன் செய்தாலே நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிவாகும். 5 லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணமே கிடையாது. அவருக்குச் செலவு இல்லை. நமக்குத்தான் கடையைச் சாத்திவிட்டு அலைய வேண்டியிருக்கும். "அங்கே என்ன சொல்வீங்களோ அதை இங்கேயே சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்று நோட்டைத் திறந்து எழுத ஆரம்பியுங்கள். நாம் எழுதுவதைப் பார்த்ததும் வார்த்தை அளந்து வரும்.

மளிகைக் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

பழைய எலக்ட்ரானிக் தராசு மலிவாகக் கிடைக்கிறது என்று நம்மில் சிலர் வாங்கிவிடுகிறார்கள். தராசு விற்கவும் பழுது பார்க்கவும் 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி உரிமம் வேண்டும். கடையில் வைத்திருக்கும் எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை வேண்டும். பழுது பார்த்த பிறகு மீண்டும் முத்திரை வேண்டும். உரிமம் இல்லாதவரிடம் முத்திரை இல்லாத தராசு வாங்கினால், வாடிக்கையாளர் "எடை குறையுது" என்று சத்தம் போடும் நாளில் நம்மிடம் பதில் இருக்காது.

முடிவாக

அந்தப் பையனுக்கு நாம் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். கொள்முதல் நோட்டு ஒன்று, குறை எழுதும் ரசீது ஒன்று, திருப்பிக் கொடுக்கும் பணத்துக்கு ஒரு பாட்டில், வந்தவர் உட்கார ஒரு நாற்காலி. இந்த நான்கும் நாளைக்கே கடையில் இருக்கட்டும். இவற்றுக்கு ஆகும் முதல் மிகவும் குறைவு. நாம் பயப்படுவதும் கையை ஓங்குவதும், என்ன செய்வதென்று முன்கூட்டி முடிவு செய்து வைக்காததால்தான். முறை இருந்தால் பயம் இருக்காது, கோபமும் இருக்காது.

இப்போதும் நம் கடையில், "மிளகாய் வத்தல் ஈரமா இருக்கு" என்று யாராவது மூட்டையைத் திருப்பிக் கொண்டு வந்தால், பதில் சொல்ல வாய் திறக்குமுன் அந்த அம்மாளின் உள்ளங்கை நினைவுக்கு வருகிறது. வாயை மூடிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போடுகிறோம். நாற்பது வருடமாகியும் அந்தப் பாடத்துக்கு நாம் கொடுத்த விலை குறையவில்லை. உறுப்பினர்கள் அந்த விலை கொடுக்காமலே அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே நம் ஆசை.

வணிகம் செழிக்கட்டும்.